தோணியில் வந்த சொந்தங்கள்

சுதண்ண,

முன்பெல்லாம் உன்னை இப்படிக் கூப்பிட்டால் தோணி கட்டுகிற பக்கமிருந்து "ஓம்" என்று ஒரு குரல் வரும். இப்போதும் கூப்பிடுகிறேன். வாவிதான் சும்மா தளம்புகிறது.

உன் பெயரைத் தவிர வேறு ஒருவருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். வாசிக்கிறவர்கள் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது சுனாமி வந்த நேரமும் அதற்கடுத்த வருடமும். எங்கள் வீடு கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி என்கிற உப்பங்கழி; நாங்கள் வாவிப் பக்கம். கடல் பக்கம் வீடுகளே இல்லாமல் போய்விட்டன. எங்கள் வளவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து வற்றிவிட்டது. எங்கள் வீட்டில் ஒருவரும் சாகவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு சுதண்ணன் பட்ட பாடெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

அண்ணன் வாவியில் தோணி விட்டு மீன் பிடிக்கிறவன். எந்தக் கண்டல் மரக்காட்டுக்குள் எந்த நேரம் தண்ணீர் ஏறும் என்பது அவனுக்கு மனப்பாடம். கடல் கொண்டுபோன சனங்களில் கொஞ்சப் பேரை வாவிக்குள் தள்ளிவிட்டிருந்தது. அந்த உடல்களை எடுக்க இடம் தெரிந்த ஆள் வேண்டும் என்று ராணுவத்து ஆமிக்காரர் கேட்டு வந்தபோது அண்ணன் தோணியை எடுத்தான். தோணியின் முன்பக்க அணியத்தில் ஒரு ஆமிக்காரப் பொடியனை ஏற்றிவிட்டார்கள். அண்ணனை விட இளசு. நீந்தத் தெரியாது. தோணி ஆடினால் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவானாம். அண்ணன் அவனை "மல்லி" என்று கூப்பிட்டான். சிங்களத்தில் தம்பி. அவன் அண்ணனை "அண்ண" என்றான். வேறு பெயர் இரண்டு பேருக்கும் தேவைப்படவில்லை.

முதல் நாள் இரண்டு பேராலும் தொட முடியவில்லை. கண்டல் வேருக்குள் ஒரு அக்கா. பாயில் சரிந்து படுத்த மாதிரி. பனி விலகவில்லை. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்ததாம். அண்ணன் கையை நீட்டுவான், கை போகாது. கடைசியில், எங்கள் அம்மா விடியற்காலையில் எங்களை எழுப்புகிற மாதிரி, மெல்லமாகச் சொன்னானாம்:

"எழும்புங்க அக்கா. ஊட்ட போவம்."

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகு கை போனது.

அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் அப்படித்தான். சின்னவர்களுக்கு "எழும்பு மனே", வயது போனவர்களுக்கு "எழும்புங்க அப்பா". மல்லிக்குத் தெரிந்த தமிழ் அதுவரை அடையாள அட்டையும் பையும் சோதிக்கிற "ஐசி எடு", "பேக்கைத் திற" மட்டும்தான். பிறகு இதையும் பழகிவிட்டான். அண்ணன் தலைப்பக்கம், அவன் கால்பக்கம், இரண்டு பேரும் ஒன்றாகச் சொல்லித்தான் தூக்குவார்களாம்.

அந்த வேலை முடிந்து வந்த அண்ணன் வீட்டுக்குள் வரவில்லை.

எங்கள் பக்கம் செத்த வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்கு ஊற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். செத்தது சொந்தமென்றால் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு வரை துடக்கு, தீட்டு. அண்ணன் கிணற்றடியில் ஊற்றினான், ஊற்றினான், திரும்பத் திரும்ப ஊற்றினான். பிறகு வாசலில் நிற்கிற பூவரச மரத்தடியில் போய் இருந்துகொண்டான்.

"தலைக்கு ஊத்திட்டாய்தானே மனே, உள்ளுக்க வா," என்பாள் அம்மா.

"துடக்கும்மா."

"முப்பத்தொண்டும் போயிட்டே."

"அது அவங்கட ஊட்டாக்களுக்கு. எனக்கு எப்ப முடியிற எண்டு ஆரு சொன்ன?"

கோயில் ஐயரிடம் அம்மா போய்க் கேட்டாள். உறவில்லாதவர்களுக்குத் துடக்கே இல்லை, குளித்தால் போதும் என்றார். அண்ணனுக்கு அது ஏறவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை மண்ணில் வைத்துவிட்டு நாங்கள் விலகினால்தான் எடுப்பான். மீன் வேண்டாம் என்றுவிட்டான். தோணியைக் கவிழ்த்துப் போட்டான். அது வெயிலில் கிடந்து வெடித்தது.

அகதி முகாம்களுக்கும் வீடுகளுக்கும் போய் மனது சரியில்லாதவர்களோடு கதைக்கிற இரண்டு அக்காமார் எங்கள் வளவுக்கும் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். எனக்கு ரிபன் தந்தார்கள்.

"உங்கட குடும்பத்தில ஆரும் தவறினாங்களா?"

"இல்ல."

"ஊடு உடைஞ்சதா?"

"இல்ல."

கடவுள் காப்பாற்றிவிட்டார் என்று சொல்லி அடுத்த வீட்டுக்குப் போனார்கள். மரத்தடியில் இருந்த அண்ணன் அவர்களுக்கு வேலிப் படலையைத் திறந்துவிட்டான். இறந்தவர்களின் வீட்டுக்காரரைத் தேடி அத்தனை பேர் வந்தார்கள். தூக்கினவனைத் தேடி ஒருவரும் வரவில்லை.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொல்வாள், "என்னகா, உன்ட மகன வாசலுக்குக் காவலுக்கு வெச்சிரிக்கயா?"

"ஓம்கா. உன்ட கோழிக்கும் சேத்துத்தான் காவல். நீ போய் நிம்மதியாப் படு," என்பாள் அம்மா. சொல்லிவிட்டு அடுப்படிக்குள் வந்து சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுவாள்.

ஒரு காலை அம்மா பார்க்கிறாள், அண்ணன் உடுப்போடு வாவிக்குள் நிற்கிறான். நெஞ்சளவு தண்ணீர். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "சும்மா நிண்டனான்" என்றான். கேட்டதற்கெல்லாம் அந்த ஒரு சொல்தான். அன்றிலிருந்து அம்மாவும் வாசலில் பாய் போட்டாள். மகன் உள்ளே வரமாட்டான், வேறு எங்கேயோ போய்விடுவான் என்ற பயம் அவளை விழுங்கிக்கொண்டிருந்தது.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் படலையடியில் ஒருவன் வந்து நின்றான். உடம்பில் சாதாரண சேட், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தலைமுடி வெட்டைப் பார்த்ததுமே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. ஆமிக்காரன் ஒரு வீட்டுக்கு வந்து ஒரு பொடியனைக் கேட்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அவன் வந்துபோனதைப் பார்த்து, ஆமிக்கு வேலை செய்கிற வீடு என்று மற்றவர்கள் நினைத்தால் என்ன நடக்கும் என்றும் தெரியும்.

"அண்ண இருக்கா?"

அம்மா படலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "என்ட மகன் ஒண்டும் செய்யல்ல தம்பி. அவன் சுகமில்லாம கிடக்கான்."

அவன் அம்மாவின் கைகளைப் பார்த்தான். பிறகு சொன்னான், "நானும் சொகமில்ல அம்மா."

அம்மா படலையைத் திறந்துவிட்டாள். ஏன் திறந்தாள் என்று பிறகு எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். "அவன்ட கண்ணும் உன்ட அண்ணன்ட கண்ணும் ஒண்டாக் கிடந்திச்சு புள்ள" என்பாள். வேறொன்றும் சொல்லத் தெரியாது அவளுக்கு.

மரத்தடியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"மல்லி, நீ ஏன்டா இஞ்ச?"

"எங்க டொக்டர் அனுப்பின." லீவில் வீட்டுக்குப் போனவன் தாய் விரித்த கட்டிலில் படுக்காமல் வெளியே சீமெந்தில் படுத்திருக்கிறான். ஆமி முகாமுக்குத் திரும்பியும் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். "டொக்டர் சொன்ன, 'நான் அந்த தோணியில இருக்கல்ல. தோணியில யாரு இருந்த? அவர பாக்க போ. ரெண்டு பேரும் பேசு. பொறகு வந்து எனக்கும் சொல்லு, நான் கேக்கிற.'"

அண்ணன் நகர்ந்து பாயில் இடம் விட்டான்.

நானும் அம்மாவும் அடுப்படிக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தோம். முதலில் சிரிப்புச் சத்தம். அண்ணன் சிரித்து எத்தனை மாதம்! முதலை என்று நினைத்து மல்லி ஒரு தென்னங்குற்றிக்குத் துவக்கை நீட்டிச் சுடப் பார்த்த கதை. "நீ கத்தின கத்தில முதலை இருந்திருந்தா அதுதான் ஓடியிரிக்கும்" என்றான் அண்ணன். பிறகு தாங்கள் தூக்கின ஒவ்வொருவரையும் சொல்ல ஆரம்பித்தார்கள். கண்டலுக்குள் கிடந்த அக்கா. காலில் வெள்ளைச் சப்பாத்தோடு ஒரு பிள்ளை. பாலத்துக்குக் கீழே கைகோர்த்தபடி இரண்டு பேர். ஒருவன் மறந்ததை மற்றவன் எடுத்துக் கொடுத்தான். தமிழும் சிங்களமும் கலந்து, நித்திரையில் பேசுகிற மாதிரி. பூவரசம்பூ ஒவ்வொன்றாக அவர்கள் மேல் விழுந்தது. வாவியின் வெளிச்சம் சுவரில் நெளிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அழுதார்கள். அப்படி ஆண்கள் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்குப் பயம் வரவில்லை.

அம்மா எழும்பி வெளியே போனாள்.

"மனே, உனக்குத் துடக்கு எண்டுதானே சொல்ற?"

"ஓம்மா."

"சொந்தத்துக்குத்தான் துடக்கு. அப்ப அவங்க எல்லாரும் நமக்குச் சொந்தம். நம்மட ஊட்டுச் சாவு. நாம முப்பத்தொண்டு குடுப்பம். இண்டைக்கே குடுப்பம்."

ஐயர் இல்லை, பந்தல் இல்லை. அம்மா கிணற்றில் அள்ளி மஞ்சள் கரைத்து இரண்டு பேர் தலையிலும் ஊற்றினாள். மல்லி கையில் மணிக்கூடு. "அம்மா, வோச்!" என்று கத்தினான். "நனைஞ்சா நனையட்டும், பேசாம நில்லு மனே!" என்று இன்னொரு வாளி ஊற்றினாள். சோறும் பூசணிக்காய்க் கறியும் சமைத்து, அவன் கொண்டுவந்த பழத்தையும் வைத்துப் படைத்தோம். யாருக்கென்று பெயர் சொல்லத் தெரியவில்லை. "தோணியில வந்தாக்களுக்கு" என்றாள் அம்மா.

எல்லாம் முடிந்தும் அண்ணன் மரத்தடியிலேயே இருந்தான். கால் வரவில்லை. மல்லி அவன் முன்னால் போய்க் கையை நீட்டினான்.

"எழும்புங்க அண்ண," என்றான். "ஊட்ட போவம்."

அண்ணன் எழும்பினான்.

இரண்டு பேரும் தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலைக் கடந்து உள்ளே வந்தார்கள். அன்று அண்ணன் வீட்டுக்குள் இருந்து சோறு தின்றான்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். பிறகு அம்மா அவனை டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப்போனாள், கொஞ்சக் காலம் மருந்தும் எடுத்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மல்லி லீவு கிடைத்தால் வருவான். பிறகு நின்றிருந்த சண்டை மறுபடி தொடங்கியது. ஒரு நாள் பாலத்தடிச் சோதனையில் அண்ணனின் ஐசியை வாங்கிப் பார்த்தது அவன்தான். சனம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஐசியைத் திருப்பிக் கொடுக்கும்போது குனிந்துகொண்டு, "அம்மா சொகமா?" என்று மட்டும் கேட்டானாம். "ஓம்" என்றானாம் அண்ணன். அதுதான் கடைசி.

வடக்கில் சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்ன நாளில் டவுனில் வெடி கொளுத்தினார்கள். அண்ணன் ரேடியோவை நிறுத்திவிட்டு வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அங்கயும் ஒரு வாவிக் கரைதானே," என்றான். "அங்க தூக்கிறாக்கள ஆரு தூக்கிற?"

போன மாரி வெள்ளத்தில் வாவிக்கு அக்கரை, படுவான்கரைப் பக்கம் சனம் அகப்பட்டது. அண்ணன் தோணியை எடுத்துக்கொண்டு போனான். பல பேரை ஏற்றி வந்து இறக்கினான். திரும்பப் போனவன் வரவில்லை. அவனோடு தோணி விட்டுப் பழகின பொடியன்கள்தான் அவனைக் கண்டலுக்குள் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள். கரைக்கு வந்ததும் தோணியிலிருந்து இறக்க ஒருவருக்கும் கை போகவில்லை. நான் தண்ணீருக்குள் இறங்கினேன். அவன் முகத்தில் ஒரு நோவும் இல்லை. தலைப்பக்கம் கை கொடுத்தேன்.

"எழும்புங்க அண்ண. ஊட்ட போவம்."

பொடியன்களும் அழுதுகொண்டே அதைச் சொன்னார்கள். எல்லோருமாகத் தூக்கினோம்.

முப்பத்தொன்று அன்று அவனைத் தொட்ட அத்தனை பொடியன்களையும் அம்மா கூப்பிட்டு, தலைக்கு ஊற்றி, ஒருவரையும் வெளியில் விடாமல் உள்ளே இருத்திச் சோறு போட்டாள். ஒவ்வொருவரையும் சொல்லவிட்டாள், கேட்டாள். தூக்கின கைக்கும் ஒரு முப்பத்தொன்று வேண்டும் என்பதை என் அண்ணனை வைத்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். இப்போது எங்கேயாவது ஒரு சாவென்றால், யாருடைய வீடு என்று கேட்டுவிட்டு, யார் தூக்கினது என்றும் கேட்கிறேன். இதை வாசிக்கிற நீங்கள் கோயிலோ பள்ளிவாசலோ சேர்ச்சோ, எங்கே போனாலும், என் சுதண்ணனுக்காகவும், எங்கே இருக்கிறானோ தெரியாத அந்த மல்லிக்காகவும், தோணியில் வந்த எங்கள் சொந்தங்களுக்காகவும் ஒரு நிமிடம் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.