கயிற்றின் கீழ்முனையிலிருந்து வந்த பதில்

1. கடப்பாரை விழுந்தது

புரட்டாசி மாதம், சனிக்கிழமை. முதல் நாள் பெய்த மழையில் காட் ரோட்டுக்கு, அதாவது மலைப்பாதைக்கு, மேலே பாறைகள் இளகியிருந்தன. முனிரத்தினம் கயிற்றில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தான். நான் மேலே, கயிற்றைக் கட்டியிருந்த ஆங்கர் பக்கத்தில் நின்றேன். அந்த இடத்தில் பாறை தொப்பை போட்டதுபோல் புடைத்திருக்கும். அதனால் அவன் எனக்குத் தெரியமாட்டான், கயிறு மட்டும்தான் தெரியும்.

கீழே ரோட்டில் சிவப்புக் கொடியோடு வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்த கோபால் திடீரென்று கத்தினான். முனிரத்தினத்தின் கையிலிருந்து கடப்பாரை விழுந்துவிட்டதாம்.

நான் வழக்கம்போலக் கூப்பிட்டேன். “கோவிந்தா.”

“கோவிந்தா,” என்று கீழேயிருந்து கணீரென்று பதில் வந்தது.

ஆள் நன்றாக இருக்கிறான், கை வழுக்கியிருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். அந்த நினைப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஐம்பது வயதுக்கு மேல் பாறை ஏற ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2. கிழட்டுப் படை

எங்கள் வேலைக்கு ஸ்கேலிங் என்று பெயர். சித்தூர் ஜில்லாவின் மலை ரோடுகளில், மழை விட்டதும், இடுப்பில் ஹார்னஸ் என்கிற வார்ப்பட்டை மாட்டி உச்சியிலிருந்து கயிற்றில் தொங்குவோம். விழக் காத்திருக்கும் பாறைகளைக் கடப்பாரையால் நெம்பி நாமே தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தானாக இஷ்டப்பட்ட நேரத்தில் பஸ் மேல் விழும்.

இளவட்டங்கள் இந்த வேலைக்கு வருவதில்லை. தடா பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஏசி ஓடும்போது யார் வெயிலில் தொங்குவார்கள்? ஆகவே எங்கள் கேங்கில் எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கவே கம்பியைப் பிடித்து முனகுவோம். கீழே உட்கார்ந்தால் எழ ஒரு கை வேண்டும். பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டும். ஆனால் ஹார்னஸ் மாட்டிவிட்டால் சுவரில் பல்லிதான். வீட்டில் கிழவன் என்கிறார்கள், இங்கே யாரும் சொல்ல முடியாது. அந்தக் கெத்துக்காகவே பாதிப் பேர் வந்தோம் என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம் சூப்பர்வைசர் ஒரு மெடிக்கல் கேம்ப் வைத்தார். கோபாலுக்கு பீபி என்று தெரிந்தது. “பீபி உந்தா? ரோப் ஒத்து,” என்று தெலுங்கில் ஒரே பேச்சு. கயிறு வேண்டாம் என்று அர்த்தம். எங்களிலேயே கெட்டிக்காரனான கோபால் ரோட்டில் கொடி பிடிக்கப் போனான். நாங்கள் சும்மா இருந்தோமா? அவனுக்குக் ‘கொடிமரம்’ என்று பெயர் வைத்து, போகும்போதும் வரும்போதும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அவனும் சிரித்து வைத்தான்.

கேம்பில் சுகர் பார்த்த அன்று முனிரத்தினம் வேலைக்கு வரவில்லை. மறுநாள் டீக்கடையில் என்னிடம் சொன்னான்: “என்னப் போயி கொடி புடிக்க வெச்சாங்கன்னா, நான் ஊட்லயே பட்துக்குவேன்ணா.” நான் அதையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

3. கோவிந்தா

தொங்குகிறவனும் மேலே நிற்கிறவனும் பேசிக்கொள்ள வாக்கி-டாக்கி கொடுத்தார்கள். கல் தூசியில் அது ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை. கேங்கில் தமிழ்க்காரர்களும் உண்டு, தெலுங்குக்காரர்களும் உண்டு. எல்லோர் வாயிலும் பிழையில்லாமல் வரும் ஒரே சொல் கோவிந்தாதான். மேலே இருப்பவன் அவ்வப்போது கோவிந்தா என்பான், கீழே இருப்பவன் திருப்பிச் சொல்வான். பதில் வராவிட்டால் கயிற்றை இழுக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் வேலை செய்தவர்கள் விட்டுப்போன வழக்கம் இது. ஒருவரும் குறை சொன்னதில்லை. பெருமாள் பெயர்மேல் யார் குறை சொல்வது?

அன்று கோபால் மறுபடி கத்தினான். முனிரத்தினம் வெறுங்கையால் பாறையைத் தட்டுகிறான் என்றான். நான் கூப்பிட்டேன், பதில் வந்தது. இன்னொரு முறை கூப்பிட்டேன், அப்போதும் வந்தது. சரி, வேறு கடப்பாரை அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“கோவிந்தா,” என்றான்.

விளிம்பில் குனிந்து கத்தினேன். “டேய் முனிரத்தினம், கடப்பாரை வோணுமா வாணாமாடா?”

“கோவிந்தா.”

நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். புடைத்த பாறையைத் தாண்டி மேலே வருவதற்குள் கை கால் ஓய்ந்து சாக்கு மூட்டைபோல் வந்தான். உடம்பு முழுக்க வேர்வை, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. மாரடைப்பு என்று ஒருவன் சொன்னான். தண்ணீர் கொடுத்தோம், இரண்டு மடக்கு விழுங்கினான். ஹார்னஸைக் கழற்றி, காற்று வரட்டும் என்று சட்டைப் பட்டனையும் கழற்றினோம். பையில் ஒரு கல்கண்டுப் பொட்டலம் இருந்தது.

புரட்டாசிச் சனிக்கிழமையில் எங்கள் பக்கத்து வீடுகளில் பெருமாளுக்குத் தளிகை போடுவோம். சமைத்துப் படைத்த பிறகுதான் வாயில் எதுவும் வைப்போம். கல்கண்டு அதற்கு வாங்கியது என்று பார்த்ததுமே புரிந்தது. சாமிக்கு வைத்தது கால்படக் கூடாதென்று ஒருவன் அதை எடுத்துப் பத்திரமாக மரக்கிளையில் செருகினான். நாங்களும் அதுதான் முறை என்று இருந்தோம்.

மலையிலிருந்து இறக்கித் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் அவனுக்குச் சுத்தமாக நினைவு தப்பிவிட்டது. நகரியிலிருந்து அவன் பெண்சாதி கஸ்தூரி வந்து சேர்ந்தாள். டாக்டர் கேட்டதற்கு அவள் சொன்னாள்: “சுகர் மாத்திரை போட்டுக்கினு போனாரு சார். தளிகை போட்டுட்டு துன்றேன்னு வெறும் வயித்தோட போனாரு.”

ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி, நெடுநேரம் அப்படியே இருந்திருக்கிறது, மூளை பட்டினி கிடந்துவிட்டது என்றார் டாக்டர். ஆனால் கூப்பிட்டபோதெல்லாம் பதில் சொன்னானே என்றேன். பழகிப்போன சொல் நினைவு இல்லாவிட்டாலும் வாயில் வரும், மூளையில் அதுதான் கடைசியில் போகும் என்றார். அங்கேயே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மரக்கிளையில் செருகிய கல்கண்டுதான் கண்ணுக்குள் நின்றது.

அவன்மேல் ஆத்திரமாக வந்தது. கொடி பிடிப்பது அத்தனை கேவலமா என்று கேட்கத் தோன்றியது. கேவலமாக்கியவர்கள் யார் என்பதும் தெரியும்.

4. ஞாயிற்றுக்கிழமை

இப்போது கயிற்று வேலையை விட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ரிட்டயர் ஆனவர்கள் பாறை ஏறக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். பாங்கில் இருந்தவர்கள், வாத்தியார்கள், வயிறு குறைக்கச் சொல்லி டாக்டர் துரத்திவிட்டவர்கள். கீழே நின்று அவர்களுக்குக் கயிறு பிடிப்பது என் வேலை. ஹார்னஸ் கொடுக்கும் முன் பீபி, சுகர், மாத்திரை எல்லாம் கேட்பேன். மறைத்தால் ஏறவிடமாட்டேன், சொன்னவரைக் கேலி செய்தால் கேலி செய்தவரைத் திருப்பி அனுப்புவேன்.

ஏறிக்கொண்டிருக்கும்போது ‘ஓகேவா’ என்று கேட்கவே மாட்டேன். ஓகே என்று யாரும் சொல்வார்கள், மயக்கத்திலும் சொல்வார்கள். “சார், காலைல இன்னா துன்னீங்க?” என்று கேட்பேன். பாதிப் பாறையில் தொங்கிக்கொண்டு யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். இட்லி என்றால் சட்னியா சாம்பாரா என்பேன். முதலில் கோபப்படுகிறார்கள், பிறகு பழகிக்கொள்கிறார்கள். பழகிவிட்டால் கேள்வியை மாற்றிவிடுவேன்.

ஒரு தரம் ஒருவர் மனைவி கீழேயிருந்து அவருக்குப் பதிலாக, “உப்புமா சாப்பிட்டாருங்க,” என்றார். “அவர் வாயால வரணும்மா,” என்றேன். கயிற்றில் இருப்பவனுக்காக இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது. நான் கற்றது இவ்வளவுதான். இதைக் கற்க முனிரத்தினம் தேவைப்பட்டிருக்க வேண்டாம்.

போன மாதம் நகரிக்குப் போயிருந்தேன். முனிரத்தினத்தைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். தாடி நரைத்துவிட்டது, ஆனால் கை இன்னும் கடப்பாரை பிடித்த கைதான். பக்கத்தில் உட்கார்ந்து, வாய்ப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்: “முனிரத்தினம், காலைல இன்னாடா துன்ன?”

என் முகத்தைப் பார்த்தான்.

“கோவிந்தா,” என்றான். அன்றைக்குப் போலவே கணீரென்று.

கஸ்தூரி முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டாள். “களி துன்னாருண்ணா. நான்தான் ஊட்டினேன்.”

அவனுக்காக அவள் சொன்ன அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டேன்.