பரஞ்சோதி கையெழுத்துப் போடாத கரை

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலம் உச்சத்தில் இருந்த வருடம் அது. கரங்கான் ஊருக்கு அப்பால், லம்பம் என்று சொல்லும் ஈயச் சுரங்கத்தில் மண்ணை வெட்டி ஈயம் எடுப்பது அதற்கு முந்தின வருடமே நின்றுவிட்டது. தோண்டிய பள்ளங்களைத் தூர்த்து, மணல்மேடுகளைச் சமப்படுத்தி, புல் பிடிக்க வைத்து, அதைப் பழையபடி நிலமாக்கித் தருவது கம்பெனியின் பொறுப்பு. அந்த வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்த்து, முடிந்திருந்தால் கையெழுத்துப் போட வேண்டிய சர்க்கார் அதிகாரி பரஞ்சோதி.

அவருக்கு இடது முழங்கால் மடங்காது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதை போடப் போய், உயிரோடு திரும்பிய தோட்டத்து ஆட்களில் அவர் ஒருவர். அங்கே மழையில் சரிந்த மண்கரை அவர் காலை நொறுக்கியது. பக்கத்தில் வேலை செய்தவர்களை அப்படியே மூடிவிட்டது. அதிலிருந்து கரை என்றால் அவர் கண்ணை நம்புவதில்லை, காலால் மிதித்துப் பார்த்தால்தான் நம்புவார்.

துப்பாக்கியோடு இரண்டு போலீஸ்காரர்கள் துணைக்கு வர, அவர் லம்பத்துக்குப் போய் இறங்கினார். கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி பிச்சை குடையோடு காத்திருந்தான்.

“பாருங்க சார், சரிவு முழுக்கப் பச்சைப்பசேல்னு இருக்கு லா. கையெழுத்து போட்டீங்கன்னா எல்லாருக்கும் நிம்மதி.”

பச்சை இருந்தது உண்மைதான். கரைக்கு மேலே லம்பத்துக் குளம் தளும்பிக் கிடந்தது. கரைக்குக் கீழே முள்கம்பி வேலிக்குள் புதுக்கிராமம். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாது என்று சுற்றுவட்டாரத் தோட்டத்துக் குடும்பங்களை லயத்தோடு காலி செய்து அங்கே குடிவைத்திருந்தார்கள். அந்தி சாய்ந்தால் கதவைப் பூட்டிவிடுவார்கள். இருந்ததே ஒரு கதவு, அதுவும் கரையைப் பார்த்தபடி.

பரஞ்சோதி காலை இழுத்துக்கொண்டு கரையடிக்கு இறங்கினார். கைத்தடியை ஊன்றினார். அது சேற்றில் இறங்குவதுபோல் இறங்கியது. பிடுங்கிய குழியில் தண்ணீர் ஊறி நின்றது.

“பிச்சை, கடைசியா மழை எப்ப பெஞ்சிச்சு?”

“எங்க சார் பெய்யுது. காஞ்சுபோயில்ல கெடக்கு.”

“அப்ப இது எங்கேருந்து வருது?”

பிச்சை குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு மேலே குளத்தைப் பார்த்தான்.

குளத்துத் தண்ணீர் கரைக்குள்ளே கசிகிறது, மலையோரமாக வாய்க்கால் வெட்டிக் குளத்து மட்டத்தைக் குறைக்காமல் வேலை முடிந்ததாக எழுத முடியாது என்றார் பரஞ்சோதி. மூன்றாம் நாளே மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். அது ஆபத்தான இடம், கம்பெனியும் மூட்டை கட்டிவிட்டது, எதற்கு வீண் பிடிவாதம் என்றார். ஒத்துவராவிட்டால் எல்லைக்காட்டுப் பாலிங்குக்கு மாற்றல்தான் என்பதையும் சொல்லி வைத்தார்.

“மாத்துங்க சார்,” என்றார் பரஞ்சோதி. “எனக்குப் பதிலா வர்றவரு அந்தக் கரையடியில நின்னு பாக்கட்டும். நான் போற வரைக்கும் என் கையெழுத்து கிடையாது.”

கையெழுத்து விழாமல் நிலத்தைக் கைகழுவ முடியாது என்பதால் கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. ஆனால் ஆள்தான் கிடைக்கவில்லை. வாய்க்கால் போகும் வழி காட்டை ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு கங்காணியைச் சுட்டுப்போட்டு அதிக காலம் ஆகவில்லை.

முதலில் முன்வந்தவள் ராக்காயி. சரிவில் புல் நட்ட பெண்களுக்குத் தலைவி, புருஷனை இழந்தவள்.

“கரைக்குக் கீழதான் எம்புள்ளைங்க படுத்துத் தூங்குது, ஐயா. நாங்க வெட்டாம வேற யாரு வந்து வெட்டுவா?”

அவள் பின்னால் மற்றப் பெண்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். கதவில் போலீஸ்காரர்கள் சோதனை போட்டார்கள். ஒரு பிடி சோறுகூட வெளியே போகக் கூடாது. வேலை செய்யும் இடத்திலேயே கஞ்சி குடிக்க விடுங்கள் என்று பரஞ்சோதி கேட்டுப் பார்த்தார். கதவுக் காவலுக்கு இருந்த போலீஸ் சார்ஜன் மசியவில்லை. ஆகவே உச்சிவெயிலில் கதவுவரை நடந்து, சாப்பிட்டு, திரும்ப நடந்து வந்து வெட்டினார்கள். அவரும் அந்த மடங்காத காலோடு கூடவே நடந்தார். தான் நின்றால் அவர்களும் ஓய்ந்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

வாய்க்கால் குளத்தைத் தொட்ட வாரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. அன்று பரஞ்சோதி ஊருக்குத் திரும்பவில்லை. கதவு பூட்டுவதற்கு முன் கிராமத்துக்குள் போய் ராக்காயி வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டார். விடிந்து கதவு திறந்ததும் எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். தண்ணீர் செம்மண்ணாகச் சுழித்து வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. கரை நின்றது. ஆனால் புல் பிடித்த சரிவில் பாதி உரிந்து கீழே கிடந்தது.

“கரைதான் நின்னுடுச்சே சார்,” என்றான் பிச்சை. “இப்பவாவது போட்டுடலாமா?”

“புல்லு போயிடுச்சே. வேர் எறங்கல, மேல ஒட்டவச்ச மாதிரி இருந்திருக்கு. மறுபடியும் நடணும்.”

பிச்சைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடையை மடக்கி வைத்துவிட்டு அவனும் நாற்றுப்புல் சுமக்கப் போனான்.

அடுத்த மழைக்காலமும் தாண்டி, பிடுங்கினால் வராத அளவுக்குப் புல் வேர்விட்ட பிறகுதான் பரஞ்சோதி கையெழுத்துப் போட்டார். சொல்லி வைத்ததுபோலவே பாலிங் மாற்றல் உத்தரவும் வந்தது. கிளம்பும் அன்று ராக்காயி கதவுவரை வந்தாள்.

“இனிமே பயமில்லையா, ஐயா?”

“வாய்க்கால்ல மண்ணு சேரவிடாதீங்க,” என்றார் அவர். “வருசா வருசம் மழைக்கு முன்னாடி தூர் வாருங்க. யாரு மறந்தாலும் நீங்க மறக்காதீங்க.”

அவள் சரியென்று தலையசைத்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.