அவருடைய பாஸ்போர்ட்டில் என் படம்

எனக்கென்று தனியாக ஒரு பாஸ்போர்ட் இருந்ததில்லை. நான் சீமைக்குப் போய் வந்தது என் வீட்டுக்காரருடைய பாஸ்போர்ட்டில். அவர் படத்துக்குப் பக்கத்தில் என் படத்தையும் ஒட்டிக் கீழே 'மனைவி' என்று எழுதியிருந்தார்கள்.

ஆம்பூரில் பாலாற்றை ஒட்டி அவருக்கும் அவர் அண்ணனுக்கும் சேர்ந்து தோல் பதனிடும் இடம் ஒன்று இருந்தது. பதனிட்ட ஆட்டுத்தோலைக் கட்டுக்கட்டாக லண்டனுக்கு அனுப்புவார்கள். கட்டின் மேல் கறுப்பு மையில் அடையாளம் குத்துவது என் வீட்டுக்காரர் வேலை. பதினைந்து வருஷம் குத்தியிருப்பார். "தோலெல்லாம் சீமையைப் பார்த்துட்டு இருக்கு, நான் வாணியம்பாடி தாண்டல" என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்புதான் முதலில் கெட்டது. குரல் கம்மியது. சளி என்று நினைத்தோம். கஷாயம், ஓதின தண்ணீர் எல்லாம் பார்த்து ஆறு மாதம் போனபின், வேலூரில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். உள்ளே கட்டி. இங்கே செய்ய ஒன்றுமில்லை, லண்டனில் ஏதோ புது வைத்தியம் இருக்கிறது, போனால் சீக்கிரம் போங்கள் என்றார்.

தனியாக அனுப்ப முடியாது. அவர் அண்ணனான என் மைத்துனர் கூட வந்தால் தொழில் நின்றுபோகும். அதனால் நான் போவதென்று முடிவாயிற்று. ஐந்து வயது மகளை மாமியாரிடம் விட்டேன். படம் எடுக்க வேலூர் லாங் பஜாரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போகவேண்டும் என்றபோது மாமியார் கொதித்துவிட்டார்.

"பொம்பள மொகத்த கவர்மெண்டுக்காரன் எதுக்குடா பார்க்கணும்?"

"மொகம் இல்லாட்டி கப்பல்ல ஏத்த மாட்டாங்கம்மா" என்றார் அவர். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. மாமியாரே என் புர்காவை எடுத்து வந்தார்.

கொழும்பு வரை ரயிலிலும் படகிலும் போய் அங்கே கப்பல் ஏறினோம். துறைமுகத்தில் ஓர் அதிகாரி பாஸ்போர்ட்டில் ஊதா மையில் முத்திரை குத்தினார். என் வீட்டுக்காரர் அதை மை காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தார். கப்பலில் எங்கள் அறைக்கு வந்ததும் வெற்றுப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

"நிக்கிற ஊர்ல எல்லாம் ஒண்ணு வாங்கிடணும். நானும் போனேன்னு இருக்கணும்" என்றார்.

ஏடனில் கப்பல் கரி ஏற்ற நின்றது. இறங்கிச் சுற்றிப் பார்ப்பவர்களுக்கு முத்திரை எதுவும் கிடையாதாம். அவர் விடவில்லை. வெயிலில் என்னையும் இழுத்துக்கொண்டு அலுவலகம் தேடிப் போனார். அதற்குள் குரல் காற்றாகிவிட்டிருந்தது. அவர் சொன்னது அந்த அதிகாரிக்குக் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டைத் திறந்து, வெற்றுப் பக்கத்தில் விரலை வைத்து, மறுகையால் குத்துவதுபோல் காட்டினார். அதிகாரி சிரித்துவிட்டுக் குத்திக் கொடுத்தார்.

போர்ட் சயீத்தில் குத்திய முத்திரையில் அரபு எழுத்து இருந்தது. குர்ஆன் ஓதப் படித்தவள் என்பதால் அது ஒன்றைத்தான் என்னால் படிக்க முடிந்தது. நான் எழுத்துக் கூட்டி ஊர்ப்பெயரைப் படித்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. அன்றிலிருந்து என்னிடம் சொல்லவேண்டியதை அரபு எழுத்தில் தமிழை எழுதிக் காட்ட ஆரம்பித்தார். பேச்சு முழுவதும் நின்றுவிட்டிருந்தது. மார்செய்ல்ஸில் பிரான்ஸ்காரர்களின் முத்திரை. அத்தோடு நான்கு.

லண்டனில் கிடைக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்த அதிகாரி அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். நாங்கள் அவர்கள் ராஜாவின் குடிகள், எங்களுக்கு முத்திரை தேவையில்லையாம். என் வீட்டுக்காரர் இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதிகாரி படித்துவிட்டுத் தலையாட்டி, பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். எங்கள் தோலை வாங்கும் கம்பெனியின் ஆள் எங்களை அழைத்துப்போக வந்திருந்தார். என் வீட்டுக்காரர் அவரிடமும் எழுதிக் காட்டிப் பார்த்தார். அந்த மனிதர் பாவம், என்ன கேட்கிறார் என்றே புரியாமல் முழித்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள். ஆறு மாதம் முன்னால் வந்திருக்கவேண்டும் என்றார்கள். புது வைத்தியம் எதுவும் செய்யவில்லை. மூச்சு விடுவதற்காகத் தொண்டையில் ஓட்டை போட்டு வெள்ளிக்குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். அதைக் கழற்றிக் கழுவ ஒரு நர்ஸ் எனக்குக் கற்றுக் கொடுத்தாள். மூன்று வாரம் மழையும் புகையுமாகப் போனது. ஒருநாள் காலை காகிதத்தில் 'ஊருக்குப் போகலாம்' என்று எழுதினார். அவ்வளவுதான் எழுதினார்.

திரும்பும்போது மார்செய்ல்ஸில் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. தலையணைக்கடியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"நான் தனியாவா?" என்றேன்.

ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தார்.

புர்காவோடு ஏணிப்படி இறங்கினேன். துணை இல்லாமல் நான் தெருவில் நடந்ததே இல்லை. பிறந்த வீட்டுக்குப் போவதென்றாலும் கூட யாராவது வருவார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முகத்தைக் காட்டு என்று கையால் காட்டினான். சுற்றிலும் ஆண்கள். மூடாக்கை எடுத்தேன். படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவன் அவர் படத்தின் மேல் விரலை வைத்து ஏதோ கேட்டான். நான் கப்பலைக் காட்டினேன். அவன் மறுபடியும் அந்தப் படத்தைத் தட்டினான். ஆள் வந்தால்தான் உண்டு என்று புரிந்தது. பாஷை தெரியாமல் கைகூப்பி நின்றேன். பாஸ்போர்ட்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டான்.

அறைக்கு வந்ததும் அவர் கையை நீட்டினார்.

"ஆபீஸ் பூட்டியிருக்குங்க" என்றேன்.

நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. பாஸ்போர்ட்டை என்னிடமே கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். போர்ட் சயீத் வந்தது, சூயஸ் வந்தது. அவர் கேட்கவேயில்லை. ஒருமுறையாவது கேட்கமாட்டாரா என்று நான் காத்திருந்தேன்.

செங்கடலில், பகல் சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருந்தபோது, குழாயில் வந்துகொண்டிருந்த சத்தம் நின்றுபோனது. எடுத்துக் கழுவி மறுபடியும் வைத்தேன். கப்பல் டாக்டர் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தும்வரை கழுவிக்கொண்டே இருந்தேன்.

ஏடன்வரை வைத்திருக்க முடியாது என்றார்கள். கப்பலின் அடித்தளத்தில் கரி அள்ளும் வங்காளத்து முஸ்லிம்கள் பத்துப் பேர் மேலே வந்தார்கள். குளிப்பாட்டியதும் தொழுகை நடத்தியதும் அவர்கள்தான். அவர்களில் வயதானவர் ஒருவர் என்னிடம் ஏதோ சொல்லி அழுதார். எனக்கு அந்தப் பாஷையும் தெரியாது. நான் தூரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரைக் கித்தானில் வைத்துத் தைத்து, கால்மாட்டில் இரும்பைக் கட்டிக் கடலில் இறக்கினார்கள். இயந்திரச் சத்தம் சற்று நேரம் நின்றிருந்தது. பிறகு கப்பல் புறப்பட்டுவிட்டது.

கொழும்பில் எல்லோரும் இறங்கிப் போனபின் என்னை மட்டும் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஏடனிலிருந்து கொடுத்த தந்தியைப் பார்த்து மைத்துனர் வந்திருந்தார். தமிழ் தெரிந்த குமாஸ்தா அவரிடம், "இது இறந்தவரோட பாஸ்போர்ட். இதுல இந்தம்மாவை எப்படி எறக்குறது? இவங்களுக்கு வேற காகிதம் ஒண்ணும் இல்லையே" என்றார்.

"என் தம்பி பொஞ்சாதிங்க. நான் சொல்றேன், போதாதா?"

சாயங்காலம்வரை மைத்துனர் எங்கெங்கோ கையெழுத்துப் போட்டார். கடைசியில் ஓர் அதிகாரி, எங்கள் இரண்டு படங்களுக்கும் குறுக்கே செல்லாது என்று பெரிதாக ஒரு முத்திரை குத்தி, பாஸ்போர்ட்டை மேஜை இழுப்பறைக்குள் போட்டார்.

"அதைக் குடுத்துருங்க" என்றேன்.

"இது சர்க்கார் சொத்தும்மா" என்றார் குமாஸ்தா.

"சீல் குத்தின பக்கத்தையாவது கிழிச்சுக் குடுங்க. நாலே நாலுதான்."

அவர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் "வாம்மா, போலாம்" என்று எழுந்தார்.

என்னிடம் மிஞ்சியது கப்பல் தலைவர் கொடுத்த ஒரு துண்டுக் காகிதம். அடக்கம் செய்த இடம் என்று அதில் இரண்டு வரி எண்கள் இருந்தன. ஆம்பூரில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருந்து முடித்தபின் மைத்துனர் அதைத் திருப்பத்தூரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொண்டுபோனார். அவர் அந்த எண்களைப் பார்த்து, ஓர் உலகப் படத்தில் கடலுக்கு நடுவே பென்சிலால் புள்ளி வைத்து அனுப்பினார்.

மகள் அதைத் தரையில் விரித்துப் பார்த்தாள். "அத்தா இருக்கிற எடத்துல ஊர் பேரே போடலியேம்மா" என்றாள்.

"அங்க ஊர் இல்லம்மா" என்றேன்.

பெருநாள் அன்று மற்ற வீட்டு ஆண்கள் கபர்ஸ்தானுக்குப் போவார்கள். மைத்துனரும் தன் தகப்பனார் கபருக்குப் போய் ஓதுவார். தம்பிக்காக எங்கே நின்று ஓதுவது என்று ஒரு வருஷம் என்னிடம் வந்து கேட்டார். பென்சில் புள்ளி வைத்த அந்தப் படத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தேன்.