எழுபத்து மூன்றாவது கட்டம்

மூன்று வருடங்களுக்கு முன், மஸ்கெலியாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் நடந்தது இது. கொழும்பு மென்பொருள் நிறுவனம் ஒன்றில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். கைக்குழந்தை இருந்ததால், வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதித்தார்கள். மூன்று மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் கொழும்புக்கு வந்துவிட வேண்டும் என்பது பேச்சு.

மெயின்பிரேம் எனப்படும் பெரிய கணினிகளில் ஓடும் கோபோல் என்ற பழைய கணினி மொழி நிரல்களைத் திருத்துவது என் வேலை. நிரலைத் தட்டெழுதும் மென்பொருளான எடிட்டரில் எதைப் பயன்படுத்துவது என்பது அவரவர் விருப்பம். நான்கைந்தை இறக்கிப் பார்த்து, நிறங்கள் கண்ணுக்கு இதமாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அந்த நிரல்களுக்கு அது ஒத்துவருமா என்று யோசிக்கவேயில்லை.

முதல் பெரிய வேலை வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்கு. சிகிச்சைக்காகப் பதினான்கு நாட்களுக்கு மேல் காத்திருப்பவர்களை மட்டும் பிரித்து, முதலில் அழைக்க ஒரு பட்டியல் போட வேண்டும். சோதித்துப் பார்த்தால், இரண்டு நாள் காத்திருந்தவர்களும் வந்து நின்றார்கள். அப்படியே போயிருந்தால், அவசரமாக அழைக்கப்பட வேண்டியவர்கள் அந்தக் கூட்டத்தில் தொலைந்திருப்பார்கள். மறுநாள் ஒப்படைக்க வேண்டும். பயமாகவும் இருந்தது, வியப்பாகவும் இருந்தது. பதினான்கை இருபதாக மாற்றினேன். மூன்று நாள்காரர்கள் முதல் வந்தார்கள். முப்பதாக்கினேன், நான்கு நாள்காரர்கள் முதல். கணினி ஏதோ ஒழுங்கோடுதான் தவறு செய்கிறது. என்ன ஒழுங்கு?

எங்கள் குழுவில் கினிகத்தேனையிலிருந்து வேலை செய்யும் ஒரு பெண் இருந்தார். போனில் மட்டுமே பழக்கம். கோப்பை அனுப்பிவிட்டு அழைத்தேன்.

"அந்தப் பதினாலு வர்ற வரி எங்க முடியுதுன்னு பாத்தீங்களா மிஸ்?" என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "வரியில ஒரு பிழையும் இல்ல மிஸ். பதினாலுன்னு தெளிவா இருக்கு. நீங்களே கண்ணத் தொறந்து பாருங்களேன்!"

அவர் நிதானமாகச் சொன்னார்: "எழுத்துக்கு ஒரு கட்டம்னு எண்ணுனா, பதினாலுல ஒன்னு எழுபத்திரண்டாவது கட்டத்துல இருக்குங்க. நாலு எழுபத்து மூணுல. கோபோல் எழுபத்திரண்டோட வாசிக்கிறத நிப்பாட்டிரும். நீங்க பதினாலுன்னு பாக்குறீங்க, அது ஒன்னுன்னுதான் வாசிக்குது."

எண்ணிப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. இருபது ஏன் இரண்டாகவும், முப்பது ஏன் மூன்றாகவும் ஆனது என்று அப்போதுதான் புரிந்தது.

"இவ்வளவு சீக்கிரம் எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க. எழுத்து எழுத்தா கர்சர நகத்துனா, எத்தனாவது கட்டம்னு வாயால சொல்ற எடிட்டராப் பாத்துத்தான் எடுத்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்க, மொதல்ல வரிய ரெண்டாப் பிரிங்க" என்று சிரித்தார். பிரித்தேன். பட்டியல் சரியாக வந்தது.

அதோடு போனை வைக்க மனம் வரவில்லை. வரிக்கு எண்பது கட்டங்கள் இருக்க, மீதி எட்டு எதற்கு என்று கேட்டேன். நிரலை அட்டைகளில் துளையிட்டு எழுதிய காலத்தில் அட்டையின் வரிசை எண்ணுக்காக விட்ட இடமாம்; கட்டு சரிந்தால் மறுபடி அடுக்க. அவருடைய எடிட்டர் பேசுவதையும் கேட்க வைத்தார். அது பேசிய வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

அன்று மாலையே கோபோல் விதிகள் தெரிந்த, எழுபத்திரண்டில் கோடு காட்டும் எடிட்டருக்கு மாறினேன். வீட்டிலிருந்தே வேலையும் தொடர்கிறது. ஆனால் நான் சொன்ன அந்த வார்த்தை இன்றும் காதில் உறுத்துகிறது. அதனால்தான், நான் பார்ப்பதற்கு மாறாக யாராவது ஒன்றைச் சொன்னால், மறுப்பதற்கு முன் 'உங்களுக்கு எப்படித் தெரிந்தது?' என்று கேட்கப் பழகியிருக்கிறேன்.