துடைத்த படம்

தப்பும் தவறுமாய்த்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாதி மறந்தும் போகிறது.

ஆரணியில், பழைய படங்கள் வாங்குகிறவர் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் பவர்லூம் ஓடுவதில் பெஞ்சு அதிர்கிறது. கொண்டுவந்த படத்தை அவரிடம் நீட்டுகிறேன். மாமியார் காலத்துக் கிருஷ்ணர் படம், தங்க ரேக்குத் தகடு ஒட்டியது. மகளின் ஆபரேஷனுக்கு இதை விற்றால்தான் உண்டு.

கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்க்கிறார். "ரேக்கு நெஜந்தான். பழசுன்னு எப்படி நம்பறது? பொட்டு வெச்சி கும்புட்டுகினு இருந்த படமா?"

"ஆமாங்க, வெள்ளிக்கெழம தவறாம வெப்போம்."

"கறையே காணமே, ஆயா?"

"அழுக்கா இருந்தா வெல கொறையும்னு நேத்து ஈரத்துணியால தொடச்சிட்டேங்க."

அவர் தலையில் கை வைக்கிறார். "அந்தக் கறைதான் ஆயா சாட்சி! யாரு வரைஞ்சது, எந்த வூட்ல இருந்துச்சி, எத்தினி வருசம், இதுக்குத்தான் வெல. நீங்க புதுப்படமாக்கி எட்த்தாந்துட்டீங்க!"

படத்தைத் திருப்பி, சட்டத்தின் இடுக்கை ஊசியால் கிளறுகிறார். சிவப்பாய்க் கொஞ்சம் தூள் உதிர்கிறது. பழைய குங்குமமா, வெறும் சாயமா? காகிதத்தில் தட்டி எடுத்துக்கொண்டு, இதைச் சோதித்துச் சொல்ல முடியுமா என்று யாருக்கோ போன் போடுகிறார். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, குனிந்தபடியே இதை எழுதுகிறேன்.

நான் எழுதியதெல்லாம் சரிதானா, துடைத்த படத்துக்கும் விலை உண்டா, விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.