பெயர் ராவிய நோஸ் பிளையர்

தபால் வழியில் ரேடியோ ரிப்பேர் படித்தவள் நான். சுரங்க டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் யாரும் அதை நம்பவில்லை. ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வாசலில் நின்று, "சார் இருக்காருங்களா?" என்றுதான் கேட்பார்கள். சாருக்கு ஃபியூஸ் போடக்கூடத் தெரியாது. என் கணவருக்கு மைன்ஸ் ஸ்டோர்ஸில், சுரங்கத்தின் சாமான் கிடங்கில் வேலை. வேலைக்கு வருகிறவர்களுக்கு ஸ்பேனர், பிளையர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் எடுத்துக்கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். ஊருக்கே டூல்ஸ் கொடுக்கிறவரின் வீட்டில் நான் காய் நறுக்கும் கத்தியால் ஒயரைச் சீவிக்கொண்டிருந்தேன்.

கேட்டுக் கேட்டு, அவர் ஒருநாள் தன் சொந்த ஊரான குறிஞ்சிப்பாடியின் சந்தையில் ஒரு நோஸ் பிளையர், கம்பி பிடிக்கும் நீள மூக்குக் குறடு, வாங்கி வந்தார். பளபளவென்று இருந்தது. மூன்றாம் நாளே மூக்கு கோணிக்கொண்டது. பிடித்த கம்பி வழுக்கி, ஒரு டிரான்சிஸ்டரின் கால் முறிந்தது. அன்று நான் பேசிய பேச்சைப் பக்கத்து வீட்டில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கியவர்கள் எழுந்து கேட்டிருப்பார்கள்.

அடுத்த முறை மெட்ராஸ் போனபோது ரேடியோ சாமான் விற்கும் தெருவுக்கு நானே போனேன். அவர் வெளியில் காபி குடிக்க நின்றுவிட்டார். கடைக்காரர் இரண்டு பிளையர்களை முன்னால் போட்டார். ஒன்று முகம் பார்க்கலாம் போல மின்னியது, மற்றது கறுப்பாக, எண்ணெய் இறங்கின மாதிரி இருந்தது. பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன்: வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடி, இடுக்கில் ஒளி தெரியக் கூடாது. மின்னியதில் நூல் அளவு ஒளி கசிந்தது, கறுப்பில் இல்லை. அங்கே கிடந்த சிகரெட் காகிதத்தைக் கறுப்பின் நுனியில் பிடித்து இழுத்தேன், கிழிந்ததே தவிர வழுக்கவில்லை. என்னைப் பார்த்துக் கடைக்காரர், "அம்மாவுக்கு எங்க வேலைங்க?" என்றார். "வீட்டுல" என்றேன். கறுப்பையே வாங்கி, பில்லையும் மடித்து வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் என் கணவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். மூட்டில் பொறித்திருந்த வெளிநாட்டுக் கம்பெனிப் பெயரைப் படித்ததும் முகம் செத்துப்போனது. "இன்னா நீ, எங்க ஸ்டோர்ஸ்ல இருக்கற அதே ஐட்டத்த வாங்கிகினு வந்திருக்க?" என்றார். நல்ல சாமான் என்றால் எல்லோரும் அதைத்தானே வாங்குவார்கள்? எனக்கு அவர் பயம் புரியவில்லை. "ஸ்டோர்ஸ்காரன் வூட்ல இது இருந்தா பாக்கறவன் இன்னா நெனப்பான்?" என்று மறுபடி கேட்டார். அப்போதுதான் புரிந்தது, ஸ்டோர்ஸில் திருடியது என்பார்கள். மற்ற ஊர்களில் மட்டமான சாமானை ஒளித்து வைப்பார்கள். எங்கள் டவுன்ஷிப்பில் நல்ல சாமானை ஒளிக்க வேண்டியிருந்தது. நான் ஒளிக்கவில்லை. பில் இருக்கிறதே என்று மேஜையிலேயே வைத்தேன்.

அந்தச் சமயம் பார்த்து ஸ்டோர்ஸில் சரக்குக் கணக்கெடுப்பில் சில பிளையர்கள் குறைந்தன. அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வேலை போய்விடும், குவார்ட்டர்ஸும் போய்விடும் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் மார்க்கெட் போய்த் திரும்பினால், பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அரத்தால் கர்கர்ரென்று எதையோ ராவிக்கொண்டிருக்கிறார். என் நோஸ் பிளையர். பெயர் இருந்த இடத்தில் வெள்ளி மாதிரி ஒரு தழும்பு. "இப்போ எந்தக் கம்பெனின்னு எவனுக்கும் தெரியாது" என்றார், பெரிய ஆபத்திலிருந்து தப்பித்தவர் போல. பிளையரைப் பிடுங்கி மறுபடி மேஜையிலேயே வைத்தேன்.

அந்த வாரமே மைன்ஸ் மெயின் கேட்டில் பையைச் சோதிக்கும் செக்யூரிட்டிக்காரர், அடுத்த பிளாக்கில் இருப்பவர், தன் ரேடியோவை எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்பீக்கர் ஒயரின் பற்று விட்டிருந்தது. அவர் எதிரிலேயே அந்தப் பிளையரால் ஒயரைப் பிடித்துப் பற்றவைத்தேன். ரேடியோ பாடியது. அவர் கண் மட்டும் பிளையரை விடவில்லை. எடுத்துத் தழும்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"இங்க ஏதோ எழுத்து இருந்திருக்கு போல?"

பில்லைக் கொண்டுவந்து நீட்டினேன். நிதானமாகப் படித்தார். "பில்லுல பேரு இருக்குங்க. பிளையர்ல இல்லையே?" என்றார். பிறகு மெதுவாக, "பில்லு இருக்கிற சாமானை யாராவது ராவுவாங்களாம்மா?"

சமையலறை வாசலில் என் கணவர் நின்றார். நான்தான் ராவினேன், பயத்தில் ராவினேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. "துரு பிடிச்சிருந்துச்சுங்க, நான்தான் தேய்ச்சேன்" என்றேன்.

எண்ணெய் இறங்கின புதுச் சாமானில் துரு ஏது என்பது அவருக்குத் தெரியாதா? ரேடியோவை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பாத்திரக் கடையில குடுத்து அந்த இடத்துல உங்க பேரை வெட்டிக்குங்க. பேரில்லாத சாமான் வீட்டுல இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். உதவிக்குச் சொன்னாரா, மிரட்டினாரா? இருவரும் அன்று முழுக்க யோசித்தோம். குறைந்த பிளையர்கள் வேறு ஷெட்டில் கிடைத்துவிட்டதாக மறுவாரம் சேதி வந்தது. ஆனாலும் என் கணவர் விடவில்லை, சேதி வந்த மறுநாளே என்னைப் பாத்திரக் கடைக்குக் கூட்டிப்போனார்.

எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரம் அத்தனையிலும் அவர் பெயர்தான். என் அப்பா வாங்கிக்கொடுத்த குடத்தில்கூட. பெயர் வெட்டுகிறவர் பிளையரைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "இதுலயா? கெட்டியா இருக்கே. சரி, சார் பேரு இன்னாங்க?" என்றபடி மிஷினை எடுத்தார். நான் வழக்கம்போல அவர் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

"என் பேரு வேணாம்" என்றார் அவசரமாக. "அவங்க பேரையே போடுங்க."

கோணல்மாணலாக என் பெயர் விழுந்தது. எத்தனையோ வருஷமாகி விட்டது. அந்தப் பிளையரின் வாயில் இன்றும் ஒளி கசியாது. வேலை செய்கிறவள் நான் என்று ஊருக்குத் தெரியட்டும் என நினைத்தாரா, மாட்டினால் நான் மாட்டட்டும் என நினைத்தாரா? கையில் எடுக்கும்போதெல்லாம் கேட்க நினைப்பேன். அவர் இருந்தவரை கேட்கவில்லை.