இரத்தோட்டை பஸ்ஸில் ஒரு தீர்க்கதரிசி

இன்று காலை மாத்தளைக்கு வந்த பஸ்ஸில், கடவுள் தன்னிடம் நேரில் பேசுவதாகச் சொல்லும் சாமியார் ஏறினார். கூடவே அவரை நம்பும் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர்.

"இன்னைக்கு மழை வராது!" என்று பஸ்ஸுக்கே அறிவித்தார்.

கொஞ்ச நேரத்தில் கொட்டியது. ஒரு பெண் எழுந்து, சாமியார் நனையாமல் ஜன்னலைச் சாத்தினார்.

"அக்கா, சாமி சொன்னது பலிக்கலையே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எப்பவுமே பலிக்காதுங்க. என் மகன் கொழும்புக்குப் போனதிலருந்து பேச்சே இல்ல. அவனப் பத்தி தினமும் விசாரிக்கிறது சாமி மட்டுந்தான்."

சாமியார் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்க இன்னும் சாப்பிடல."

உண்மைதான். அக்கா தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தார்.

மாத்தளையில் இறங்கியபோது சீடர்கள் மூவர். சிரிப்பவர்கள் கீழே கமெண்ட்டில் வந்து சிரிக்கலாம்.